பெயர் எழுதாத படகு

கொய்ங்ங் என்று ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. துறைமுகத்து மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் கூட்டமாக எழும்பின. யாரோ மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, தொண்டையைச் செருமினார்கள்.

"அலோ, அலோ. படகு உரிமையாளர்கள் கவனத்துக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு மீன்வளத்துறை மேடம் ஆய்வுக்கு வர்றாங்க. பேரு, பதிவு நம்பர் எல்லாம் பளிச்சுனு தெரியணும், இல்லன்னா மொத நாள் கடலுக்கு விட மாட்டாங்க. எல்லாப் படகும் ரெடியா இருக்கு, ஒண்ணத் தவிர. கோட்டுச்சேரிமேடு நீலமேகம், சசிதரன் சகோதரர்கள் படகு. தம்பி சசி, டெல்லியிலேர்ந்து சேதி, தாக்கல் எதுவும் வந்துச்சா? வந்திருந்தா சங்க ஆபீசுக்கு வந்து பேரச் சொல்லிட்டுப் போப்பா."

காரைக்கால் மீன்பிடித் துறைமுகம் மொத்தமும் சிரித்தது. வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்துப் படகில் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவன் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

சசிதரன் சிரிக்கவில்லை. படகின் தளத்தில், அறையின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மணி பன்னிரண்டே கால். காலையிலிருந்து நூறு தடவை தேய்த்தாயிற்று. டெல்லியில் கூட்டம் இன்னும் முடியவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டே நாள்தான் பாக்கி. அறுபத்தோரு நாள் கட்டிப்போட்டிருந்த விசைப்படகுகள் எல்லாம் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு, அரசலாற்றுத் தண்ணீரில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பெயர். சாமி பெயர், மகள் பெயர், மாமியார் பெயர்கூட ஒன்று உண்டு. சசிதரனின் படகில் மட்டும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு வெறும் வெள்ளை.

காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். இந்தியக் கால்பந்து அணிக்கு இன்னும் பயிற்சியாளர் கிடைக்கவில்லை.

படகு வாங்கிய வருடம் தொடங்கியது இந்தக் கூத்து. அப்போது டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்று ஒருவர் வந்திருந்தார். வந்து மூன்று மாதத்தில் நம்மவர்கள் நாலு ஆட்டம் வரிசையாக ஜெயித்தார்கள். சசிதரன் மயங்கிப் போனான். சங்கத்தில் போய், "இந்தியா உலகக் கோப்பைக்குப் போற வரைக்கும் எங்க போட்டுக்கு கோச் பேருதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தான். அண்ணன் நீலமேகம் மறுக்கவில்லை. தம்பிக்கும் பாதிப் பங்கு இருக்கிறதே. படகின் நெற்றியில் 'ஹென்ரிக்' ஏறியது. மீன் ஏலத்தில், "என்ரிக்கு போட்டு நண்டு, வாங்க வாங்க" என்று கூவினார்கள்.

ஒன்றரை வருடத்தில் ஹென்ரிக்கை அனுப்பிவிட்டார்கள். அடுத்து பெரு நாட்டிலிருந்து அல்வாரோ. படகின் பெயரும் மாறியது. அல்வாரோ ஒரே வருடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போனார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மீனவர் குப்பம் சசிதரனை என்னவெல்லாம் கேட்டிருக்கும் என்பதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு நம்மூர் ஆளே ஒருவர், தாமஸ் மாஸ்டர். பெயர் மாற்றக் கடிதம் எழுதி, பதிவுப் புத்தகத்தைத் திருத்தி வாங்க நாள் ஆகிவிட, போன வருடம் தடை முடிந்த முதல் நாள் எல்லாப் படகும் கடலுக்குப் போனபோது இவர்கள் படகு மட்டும் கரையில் நின்றது. இரண்டு மாதம் யாரும் தொடாத கடல் அது. முதல் நாள் வலையில் வருகிற மீன் பிறகு வருடம் முழுக்க வராது. படகின் ஆறு கூலியாட்களும் கரையில் நின்று, மற்றவர்கள் கூடை கூடையாக இறக்குவதைப் பார்த்தார்கள்.

தாமஸ் மாஸ்டர் பிப்ரவரியில் விலகினார். அன்று சசிதரனே வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் பெயரை அடித்து மறைத்தான். பழைய பெயரை ரத்துசெய்யச் சொல்லிக் கடிதமும் கொடுத்தான்; இனி ஆய்வு நாளில் சொல்கிற பெயரே புத்தகத்தில் ஏறும். கோபத்தில் செய்தது. பிறகு நான்கு மாதம் அந்த வெள்ளை அப்படியே கிடந்தது.

இந்தத் தடவை நீலமேகம் கத்தவில்லை. அதுதான் சசிதரனுக்குப் பயமாக இருந்தது. போன வாரம் சாப்பிடும்போது, குழம்பைப் பிசைந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

"ஆளுங்க ஆறு பேரும் வந்து பேசிட்டாங்க. இந்த வருசமும் மொத நாள் போவலன்னா வேற போட்டுக்குப் போயிடுவாங்களாம். நான் என்ன சொல்றது அவங்கள? போவலன்னா போட்ட வித்துப் பிரிச்சிக்குவோம். உன் பங்க வச்சு நீ எந்தக் கோச்ச வேணாலும் வளத்துக்க."

அண்ணி கனகம் குழம்புச் சட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்ன தம்பி, போப்பாண்டவர் தேர்தல்ல வர்ற மாதிரி வெள்ளப் புகை வந்துச்சா?"

ஐஸ் கடை கமாலுதீன் பலகை வழியாகப் படகில் ஏறினார். தடைக்காலத்தில் ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு வேலையில்லை, அவருக்கும் இல்லை. சசிதரனோடு கொச்சிக்கும் கொல்கத்தாவுக்கும் ஆட்டம் பார்க்கப் போனவர். ஒரு தடவை இருவரும் இரண்டரை நாள் ரயிலில் குவாஹாட்டிக்குப் போய், கோலே இல்லாத ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டரை நாள் திரும்பி வந்தார்கள். வழியில் பேசிக்கொள்ளவே இல்லை.

"பன்னெண்டு மணிக்குச் சொல்றேன்னாங்க பாய். இப்ப ரெண்டு மணின்னு போட்டிருக்காங்க."

"ரெண்டுன்னா நாலு. நாலுன்னா நாளைக்கு." கமாலுதீன் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தார். "பாரீஸ்லேர்ந்து எங்க மச்சான் நாகூர் மீரான் போன் பண்ணி சிரிக்கிறாரு. 'எங்களுக்கெல்லாம் ஒரே ஆளு பத்து வருசத்துக்கு மேல இருந்தாருய்யா, நீங்க என்ன மாசத்துக்கு ஒண்ணு மாத்துறீங்க'ங்கிறாரு. எங்களுக்காம், பிரான்சுக்கு. இந்தக் காரைக்கால்ல ஓலப் பந்து அடிச்ச ஆளு."

"அவருக்கென்ன, பாஸ்போர்ட் மாறுச்சு. டீமும் மாறிடுச்சு."

"நமக்கு அது முடியல பாத்தியா." கமாலுதீன் பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஒண்ணு சொன்னா கோச்சிக்காத. நம்மகூட மேட்ச் பாக்குற பசங்க எல்லாருமா சேந்து என்கிட்ட சொல்லி அனுப்பிருக்கானுவ. யாரு வந்தாலும் சரி, இந்தத் தடவ உன் போட்டுல அவர் பேர எழுதாத."

"ஏன்?"

"நீ எழுதுன மூணு பேரும் வேலைய விட்டுப் போயிட்டாங்கள்ல? இந்த ஆளாவது நாலு வருசம் நிம்மதியா இருந்துட்டுப் போவட்டுமே."

சசிதரன் அவரை நிமிர்ந்து பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை.

"அப்ப இந்தியா தோக்குறதுக்கு நான்தான் காரணமா பாய்?"

"நான் அப்படிச் சொல்லலப்பா. பசங்க சொல்றானுவ. நான் தாக்கல் கொண்டாந்தேன், அவ்வளவுதான்."

மேலேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெயின்டர் எழிலன், படகு அறையின் நெற்றிக்கு நேராகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்திருந்தான். மூன்று மணி நேரமாக அங்கேதான் இருக்கிறான். தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவி, அதையும் சலித்து, இப்போது காலாட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ரெண்டு எழுத்துல பேரு உள்ள ஆளா வந்தா போதும்ணே. தாமஸ் மாஸ்டர் நல்ல மனுசன், ஆனா 'மாஸ்டர்'ங்கிறதையும் சேத்து எழுதச் சொல்லிட்டீங்க. அன்னிக்கு வெயில்ல மண்ட காஞ்சு போச்சு."

"நீ மொத எறங்கி வந்து டீ குடி."

"எறங்குனா மறுபடி ஏறணும்."

கச்சான் காற்று மேற்கேயிருந்து சூடாக வீசியது. பெயின்ட் வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வந்தன. கமாலுதீன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இன்ஜின் அறை மூடியைத் தள்ளிக்கொண்டு நீலமேகத்தின் தலை வெளியே வந்தது. ஐம்பது வயது, நெற்றியெல்லாம் கிரீஸ்.

"என்னடா ஆச்சு?"

"ரெண்டு மணிக்காம்ணே. மூணு பேரு மிச்சம் இருக்காங்க. ஒரு போர்ச்சுகல்காரரு, ஒரு உருகுவேக்காரரு, அப்புறம் கோவாவுலேர்ந்து ஒருத்தரு."

"உருகுவே எங்கடா இருக்கு, வேதாரண்யத்துக்கு அங்கிட்டா?" பதிலை எதிர்பார்க்காமல் நீலமேகம் எழிலனை அண்ணாந்து பார்த்தார். "நாலு மணிடா. நாலுன்னா நாலு. அதுக்குள்ள எதாவது எழுது. இல்லன்னா பாரதிப்ரியானு எழுதிட்டு எறங்கு."

பாரதிப்ரியா அவருடைய மகள். நர்சிங் மூன்றாம் வருடம். பெயரைச் சொன்னதுதான் தாமதம், மூடி டமாரென்று விழுந்தது. மனிதர் மறுபடி உள்ளே போய்விட்டார். காலையிலிருந்து இப்படித்தான். இன்ஜினைப் போன வாரமே மெக்கானிக் வந்து பார்த்தாயிற்று. அண்ணன் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பொந்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று சசிதரன் நினைத்துக்கொண்டான்.

ஒரு மணிக்கு பாரதிப்ரியாவே கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அம்மா சொன்னாங்க. என் பேர எழுதப் போறீங்களாமே. தயவுசெஞ்சு வேணாம் சித்தப்பா."

"ஏம்மா, நல்லதுதானே?"

"என்ன நல்லது? நாளைக்கு மீன் ஏலத்துல 'பாரதிப்ரியா கெழங்கான், பாரதிப்ரியா மத்தி'ன்னு கத்துவாங்க. என்கூடப் படிக்கிறதுல பாதிப் பொண்ணுங்க இந்த ஊருதான். நீங்க அந்தக் கோச் பேரையே எழுதிக்கங்க. போனா அவரு மானந்தானே போவுது."

"சரிம்மா, சாப்டியா?"

"சாப்டேன். நீங்க சாப்டீங்களா?"

சாப்பிடவில்லை. சாப்பிட்டதாகச் சொன்னான்.

இரண்டு மணி ஆனது. கால்பந்து சம்மேளனத்தின் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு வரி வந்தது: ஆலோசனை தொடர்கிறது. அதற்குக் கீழே நிமிடத்துக்கு நூறு பேர் வந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாப்காரன் ஒருவன், வங்காளத்தான் ஒருவன், கேரளத்துப் பையன்கள் கூட்டமாக. போர்ச்சுகல்காரர் வந்தால் தற்காப்பு மட்டும் ஆடுவார் என்று ஒருத்தன். கோவாக்காரருக்கு நம் பிள்ளைகளைத் தெரியும், அவரையே போடுங்கள் என்று ஒருத்தன். எவன் வந்தாலும் கோல் அடிக்க ஆளில்லையே என்று ஒருத்தன். போன தடவையும் இதே ஆட்கள் இதையேதான் எழுதினார்கள். அதற்கு முந்தின தடவையும். அப்போது சசிதரனும் பக்கம் பக்கமாக எழுதினான். வங்காளத்தானோடு விடியவிடியச் சண்டை போட்டு, கடைசியில் சிநேகமாகி, அவன் தங்கை கல்யாணத்துக்கு வாழ்த்துகூட அனுப்பியிருக்கிறான்.

இன்று ஒரு வரி எழுதவும் விரல் எழவில்லை.

தோற்றால் கோபம் வந்த காலம் ஒன்று இருந்தது. வலையை உதறும்போதும் அந்தக் கோபம் கையில் இருக்கும். பிறகு கோபம் போய் வருத்தம் வந்தது. இப்போது தூக்கம்தான் வருகிறது. கடைசி ஆட்டத்தில் எழுபதாவது நிமிடம் தூங்கிவிட்டான். விழித்துப் பார்த்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று அவன் தேடிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்ததுதானே.

"பாய்," என்றான். "நாம எதுக்கு இத பாக்குறோம்?"

கமாலுதீன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "மத்ததெல்லாம் பாக்க ஆளு இருக்கு தம்பி. கிரிக்கெட்டுக்கு நாடே இருக்கு. இதுக்கு நாமளும் போயிட்டா யாரு இருக்கா?"

"அப்படி இருந்து என்ன கண்டோம்?"

"குவாஹாட்டி கண்டோம்."

மேலே எழிலன் சிரித்தான். சசிதரனுக்கும் சிரிப்பு வந்தது, உதடு வரைக்கும்.

மூன்று மணிக்குப் படகின் ஆறு கூலியாட்களும் வந்து கரையில், வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். வயதில் மூத்தவர் சிவநாதன் மட்டும் ஒரு தடவை வெள்ளை நெற்றியைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டார். பதினைந்து வருடமாக இந்தக் குடும்பத்தோடு கடலுக்குப் போகிறவர். அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் சசிதரனுக்கு இலேசாக இருந்திருக்கும்.

மூன்றரைக்கு இன்னொரு வரி வந்தது. இறுதி முடிவு விரைவில். விரைவில் என்றால் எப்போது என்று இல்லை.

சசிதரன் கைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"எழிலா."

"சொல்லுங்கண்ணே."

"பாரதிப்ரியானு எழுது."

எழிலன் காலாட்டுவதை நிறுத்தினான். "நெசமாவா?"

"எழுதுடா. பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன். கால் கையப் புடிச்சாவது சமாதானம் பண்ணிக்கிறேன். இந்தக் கோச்சு, டெல்லி, எல்லாம் போதும். பாய், பசங்ககிட்ட சொல்லிடுங்க, அவங்க கேட்டபடியே எழுதல. இனிமே எப்பவும் எழுதல."

கமாலுதீன் தலையை ஆட்டினார். கேட்டது கிடைத்தவர் முகமாக அது இல்லை.

எழிலன் சாக்கட்டியால் மேலும் கீழும் கோடு இழுத்தான். 'பா' போட்டான். 'ர' போட்டான். கரையிலிருந்து சிவநாதன் எழுந்து நின்று பார்த்தார். மற்ற ஐவரும் எழுந்தார்கள். ஒருத்தன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "அப்ப மொத நாளு போறோம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது.

சசிதரன் சங்க ஆபீசுக்குப் போய்ப் பெயரைச் சொல்லலாம் என்று எழுந்தான். மனசு லேசாக இருக்கும் என்று நினைத்தான். அப்படி ஒன்றும் இல்லை. பல்லைப் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுவதுபோல, கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டான்.

துறைமுக வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆய்வாளர் பிரதீபா மேடம் இறங்கினார். கையில் அட்டை, கூட ஒரு உதவியாளர். முதல் படகு, இரண்டாவது படகு என்று புத்தகத்தையும் பெயரையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டபடி வேகமாக வந்துகொண்டிருந்தார். இவர்களுடையது ஒன்பதாவது. எழிலன் சாக்கட்டியை வாயில் கவ்விக்கொண்டு சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தான்.

அப்போதுதான் இன்ஜின் அறை மூடி திறந்தது. நீலமேகம் ஏறி வந்தார். உள்ளேயிருந்த சூட்டில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் எண்ணெய் துடைக்கிற பஞ்சு, இன்னொரு கையில் கைபேசி. வந்தவர் நிமிர்ந்து, சாக்கட்டியில் எழுதியிருந்த மகள் பெயரின் பாதியைப் பார்த்தார்.

"நான்தாண்ணே எழுதச் சொன்னேன்," என்றான் சசிதரன். "நீங்க சொன்னதுதான் சரி. முடிஞ்சு போச்சு. இனிமே அந்தப் பேச்சே இல்ல."

இப்பவாவது புத்தி வந்ததே என்று ஒரு வார்த்தை அண்ணன் சொல்லுவார் என்று காத்திருந்தான். நீலமேகம் தம்பியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அறைக் கூரையைப் பிடித்து எக்கி ஏறி, எழிலனின் தோளைத் தொட்டுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கையிலிருந்த பஞ்சால் 'பா'வையும் 'ர'வையும் துடைத்தார். எண்ணெய்ப் பஞ்சு. வெள்ளையில் நீளமாகக் கறுப்புக் கறை விழுந்தது.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

கரையில் சிவநாதன் தலையில் கை வைத்தார். எட்டாவது படகில் மேடத்தின் குரல் கேட்டது. நீலமேகம் இறங்கி, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, பலகை வழியாக விறுவிறுவென்று கரைக்கு நடந்தார். சசிதரன் பின்னாலேயே ஓடினான். சொந்த மகள் பெயரே வேண்டாமென்று துடைத்துவிட்டு இந்த மனிதர் மேடத்திடம் என்ன பெயரைச் சொல்லப் போகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை.

பிரதீபா மேடம் அட்டையில் அடுத்த தாளைத் திருப்பி, வெறும் நெற்றியையும் அதன் கறையையும் பார்த்தார். "இதுதானா அந்தப் படகு? சொல்லுங்க, என்ன பேரு எழுதிக்கட்டும்?"

நீலமேகம் கைபேசியைப் பார்த்தார். பிறகு, தம்பி நிற்கிற பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"எங்களுத மட்டும் கடைசியாப் பாருங்க மேடம், போர்ச்சுகல்காரரு கேட்ட ஒப்பந்தம் ஒத்துவரலன்னு கெளம்பிட்டாரு, உருகுவேக்காரரு கையெழுத்துப் போட உள்ள போயி பத்து நிமிசம் ஆவுது."